அரசாணிக்காயும் கடலைப் புண்ணாக்கும்

"மாட்டுக்குப் புண்ணாக்கு ஊறவெச்சு ஊத்தறோம், நாம அரசாணிக்காய்ப் பொரியல் திங்கறோம். அப்ப சத்தெல்லாம் மாட்டுக்குத்தான் போகுதுங்களா?" என்று பெருந்துறைப் பக்கமிருந்து ஒரு வாசகர் கேட்டிருக்கிறார். (அரசாணிக்காய் என்பது பரங்கிக்காய்தான்.)

புரதத்தை மட்டும் பார்த்தால், ஆமாங்க, மாட்டுக்குத்தான். 100 கிராம் கடலைப் புண்ணாக்கில் 40 முதல் 45 கிராம் வரை புரதம். வேகவைத்த அரசாணிக்காயில் ஒரு கிராம்கூடத் தேறாது, சுமார் 0.7 தான்.

இவ்வளவு பெரிய வித்தியாசம் எப்படி வந்தது? செக்கில் யாரும் புரதத்தைச் சேர்ப்பதில்லையே. உரித்த நிலக்கடலை 100 கிராம் எடுத்தால் அதில் புரதம் ஏறக்குறைய 26 கிராம், எண்ணெய் 48 கிராம். செக்கில் ஆட்டி 40 கிராம் எண்ணெயைப் பிழிந்துவிட்டோம் என்று வையுங்கள். புரதம் எண்ணெயில் கரையாது, அதனால் அந்த 26 கிராமும் சக்கையிலேயே தங்கிவிடும். சக்கையின் எடையோ இப்போது 60 கிராம்தான். 60-க்கு 26 என்றால் நூற்றுக்கு 43. பிழிய முடியாமல் நின்றுபோன மிச்ச எண்ணெய்தான், புண்ணாக்குக் கட்டியை உடைக்கும்போது விரலில் பிசுபிசுவென்று ஒட்டுவது.

அரசாணிக்காயின் கதை இதற்கு நேர்மாறு. வெந்த காய் 100 கிராமில் சுமார் 94 கிராம் தண்ணீர். அதைக் கழித்தால் மிஞ்சும் ஆறு கிராமில் 0.7 புரதம், அதாவது நூற்றுக்குப் பதினொன்றுக்கும் மேல். நாம் கடையில் வாங்கும் அரிசியிலேயே ஏழெட்டுதான்! காய் ஏழையில்லை, தண்ணீருக்குள் ஒளிந்திருக்கிறது. அதற்காக 100 கிராம் புண்ணாக்குக்கு ஈடாக ஆறு கிலோ பொரியலை யாரும் தின்ன முடியாது. புரதத்துக்குக் கொள்ளும் பச்சைப்பயறும் இருக்கின்றன.

காயிடம் இருப்பது வேறு. அந்த மஞ்சள் நிறமே பீட்டா கரோட்டின்தான். உடம்பு அதை வைட்டமின் ஏ ஆக மாற்றிக்கொள்கிறது. புண்ணாக்கில் அது இல்லையென்றே சொல்லலாம். வேகவைக்கும்போது வைட்டமின் சி-யில் ஒரு பங்கு தண்ணீரோடு போய்விடும். கரோட்டின் தண்ணீரில் கரையாது, ஆகவே போகாது. செல் சுவர் இளகுவதால் வெளியே வரவும் எளிதாகிறது. ஆனால் எண்ணெயோடு சேர்ந்தால்தான் குடல் அதை நன்றாக உறிஞ்சும். பித்தநீர் எண்ணெயை நுண்துளிகளாக உடைக்கிறது, கரோட்டின் அவற்றில் ஏறிக்கொண்டு குடல் சுவரைச் சேர்கிறது. செக்கில் பிழிந்தெடுத்த அதே கடலை எண்ணெயில் ஒரு கரண்டி விட்டுத் தாளித்தால் போதும், அரசாணிக்காயின் சத்து உடம்பில் சேரும்.

அப்புறம், புண்ணாக்கை நாமே தின்னலாமா? சுத்தமான கடலையை எண்ணெய் நீக்கி அரைத்த மாவு நல்ல உணவுதான். மைசூரிலுள்ள மத்திய உணவுத் தொழில்நுட்ப ஆய்வு நிறுவனம் கடலை மாவும் கொண்டைக்கடலை மாவும் கலந்து சத்துமாவே செய்து காட்டியிருக்கிறது. மாட்டுக்கு வாங்கும் புண்ணாக்கு அப்படியல்ல. 1960-இல் இங்கிலாந்தில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட வான்கோழிகள் செத்தன. காரணம், தீவனத்திலிருந்த கடலைப் புண்ணாக்கில் பூசணம் உண்டாக்கிய அஃப்ளாடாக்சின் என்ற நஞ்சு. அது ஈரலைக் கெடுக்கும், கொதிக்க வைத்தாலும் அழியாது. மாடு தின்றால் அதில் ஒரு பங்கு வேறு உருவில் பாலில் இறங்கும்.

கடலை ஏலம் போகும் ஒவ்வொரு ஒழுங்குமுறை விற்பனைக் கூடத்திலும் இந்த நஞ்சைச் சோதிக்க அரசு பணம் ஒதுக்க வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம். அது வரும்வரை, பூசண வாடை அடிக்கும் கட்டியைத் தாழியில் போடாதீர்கள்.