டீலோஸ்: கூரைத் தண்ணீரில் பிழைத்த துறைமுகம்

கி.மு. 166 வாக்கில் ரோமானியர்கள் ஈஜியன் கடலில் இருக்கும் டீலோஸ் தீவை ஏதென்ஸிடம் கொடுத்து, அங்கே துறைமுக வரியே கிடையாது என்று ஆக்கினார்கள். அடி விழுந்தது போட்டித் துறைமுகமான ரோட்ஸ் தீவுக்கு. பத்து லட்சம் திராக்மாவாக (கிரேக்க வெள்ளி நாணயம்) இருந்த துறைமுக வருமானம் ஒன்றரை லட்சமாகச் சரிந்துவிட்டதென்று அதன் தூதர் ரோமில் முறையிட்டதைப் பண்டைய கிரேக்க வரலாற்றாசிரியர் பொலிபியஸ் எழுதி வைத்திருக்கிறார். வணிகர்கள் டீலோஸில் குவிந்தார்கள். தீவின் பரப்போ சுமார் 3.5 சதுர கி.மீ.தான். வற்றாத ஆறு இல்லை, கோடையில் மழையும் இல்லை.

தண்ணீர் வீட்டு முற்றத்துக்கு அடியில் இருந்தது. சுற்றிலும் தூண் வரிசை, கூரைத் தண்ணீர் முற்றத்தில் விழும், அங்கிருந்து நிலத்தடித் தொட்டிக்குள் இறங்கும். தொட்டியின் உட்சுவரில் கசிவு தடுக்கும் சாந்துப் பூச்சு. மேலே முற்றத்தின் தளம். பணக்காரர் வீடென்றால் மொசைக். அதில் வாளி விட ஒரு பளிங்கு வாய், கயிறு உரசி உரசி விளிம்பெல்லாம் தடம்.

கணக்குப் போட்டுப் பார்க்கலாம். இந்தப் பக்கத்துத் தீவுகளில் இன்று ஆண்டு மழை ஏறத்தாழ 350 மி.மீ. கூரையும் முற்றமும் சேர்த்து 200 சதுர மீட்டர் என்றால் 70,000 லிட்டர். ஐந்தில் ஒரு பங்கு வீணானாலும் 56,000 மிஞ்சும். பத்துப் பேர், ஆளுக்கு நாளுக்கு 15 லிட்டர் என்றால் ஒரு வருடம் ஓடிவிடும். ஆனால் மழை பெரும்பாலும் குளிர்காலத்தில்தான். அதனால் வறண்ட ஆறு மாதத்துக்கு 27,000 லிட்டரைச் சேர்த்தாக வேண்டும்: நீளம், அகலம், ஆழம் மூன்றும் 3 மீட்டர் உள்ள தொட்டி.

தொட்டி கெடுவது இரண்டு வழியில். பூச்சில் கீறல் விழுந்தால் சத்தமில்லாமல் நீர் இறங்கிவிடும். கோடை நடுவில்தான் தெரியும். முதல் மழை கூரைத் தூசியையும் பறவை எச்சத்தையும் அடித்துவரும். தூர்வாராவிட்டால் அடியில் மண்டி தேங்கும். பல வீடுகளில் தொட்டியோடு கிணறும் இருந்ததில் ஆச்சரியமில்லை. நாடக அரங்கின் படி வரிசைகளில் வழிந்த மழையைக்கூட விடவில்லை. பக்கத்திலேயே கருங்கல் வளைவுகள் தாங்கிய பெருந்தொட்டி கட்டிப் பிடித்தார்கள்.

ஊர் காலியானது தாகத்தால் அல்ல. கி.மு. 88-இல் ரோமை எதிர்த்த பொண்டஸ் மன்னர் மித்ரிடேட்டஸின் படை சூறையாடியது, 69-இல் கடற்கொள்ளையர். வணிகமும் வேறு துறைகளுக்கு நகர்ந்தது.

தண்ணீருக்கு வழியில்லாத தீவுகளை ரோமானியர்கள் நாடுகடத்தலுக்குப் பரிசீலித்தார்கள். கி.பி. 24-இல் விபியஸ் செரேனஸ் என்பவரை க்யாரோஸுக்கோ டொனூசாவுக்கோ அனுப்பலாம் என்று செனட்டில் யோசனை வந்தது. இரண்டிலும் தண்ணீர் இல்லை என்று மறுத்த பேரரசர் திபேரியஸ், ஆளை ஏற்கெனவே நாடுகடத்தப்பட்டிருந்த அமோர்கோஸ் தீவுக்கே திருப்பி அனுப்பினார்.