கழிவுநீர்த் தொட்டிக்கு முன் ஒரு சோதனைக் குழி

கடற்கரைப் பூங்கா ஒன்றில் வசதிகள் கட்டப்போகிறார்கள் என்றால், கொழும்பு அலுவலகங்களில் மேசைக்கு முதலில் வருவது வரைபடம். வாகனத் தரிப்பிடம், சிற்றுண்டிச்சாலை, மலசலகூடம் எல்லாவற்றுக்கும் இடம் குறித்த பிறகுதான் எங்களைப் போன்ற தொல்லியல்காரரைக் கூப்பிடுகிறார்கள். அப்புறம் நாங்கள் எதைச் சொன்னாலும் வேலைக்குக் குறுக்கே நிற்பதாகவே படும்.

வரைபடத்தில் நான் முதலில் தேடுவது மலசலகூடத்தை. மண்ணை ஆழமாக வெட்டுவது அதன் கழிவுநீர்த் தொட்டியும் குழாய்க் கானும்தான். கடலோரத்தில் பழைய குடியிருப்பின் தடயம் சில இடங்களில் முழங்கால் ஆழத்திலேயே கிடக்கும்: சிப்பி நெருக்கமாகப் படிந்த ஒரு மண்படை, இடையில் கரித்துண்டு, மீன்முள், நகம் அளவு பானை ஓட்டுத்துண்டு. அலை ஒதுக்கிய சிப்பி தேய்ந்து, சின்னதும் பெரிதும் கலந்திருக்கும். மனிதர் தின்று கொட்டியதில் சாப்பிடக்கூடிய அளவுள்ளவையே அதிகம்; சில நெருப்பில் கருகியும் இருக்கும். மண் அள்ளும் பெக்கோ இயந்திரம் ஒருமுறை வாரினால் படைகள் கலந்துவிடும். பிறகு கரித்துண்டு கையில் இருந்தும் அது எந்தப் படைக்குரியது என்று சொல்ல வழியில்லை.

மண்ணுக்குள் அலை அனுப்பித் தேடும் ரேடார் வைத்துப் பார்த்தால் போதாதா என்று கேட்பார்கள். உப்புநீர் ஊறிய மணலில் அதன் அலைகள் சீக்கிரமே மங்கிவிடும். அதனால் இடத்தை நடந்து பார்த்து, சிறு சோதனைக் குழிகள் வெட்டி, மண்ணைச் சலிக்கத்தான் வேண்டும்.

இது வெறும் கற்பனைப் பயம் இல்லை. வில்பத்து தேசியப் பூங்காவுக்குள்தான் பொன்பரப்பியின் ஈமத்தாழிகள், அதாவது இறந்தவரை அடக்கம் செய்த பெரிய மண்பானைகள், கிடைத்தன. தமிழ், சீனம், பாரசீகம் மூன்றிலும் சீனக் கடற்படைத் தளபதி செங் ஹே 1409ஆம் ஆண்டில் பொறிப்பித்த கல், காலி நகரில் மதகு மூடியாகக் கிடந்தது. 1911இல் ஒரு பொறியியலாளரின் கண்ணில் பட்டதால் இன்று அது கொழும்பு தேசிய நூதனசாலையில் இருக்கிறது. எல்லாக் கல்லுக்கும் அந்த அதிர்ஷ்டம் வாய்க்காது.

1940ஆம் ஆண்டின் தொல்பொருட்கள் கட்டளைச் சட்டத்துக்கு 1998இல் வந்த திருத்தம், குறித்த வகைத் திட்டங்களுக்குத் தொல்லியல் தாக்க மதிப்பீட்டைக் கட்டாயமாக்கியது. சின்னக் கட்டடம்தானே என்று தட்டிக்கழிக்காமல், தொல்பொருள் திணைக்களத்திடம் முதலிலேயே கேட்டுவிடுங்கள்.

சரி, தடயம் கிடைத்தால் திட்டம் நின்றுவிடுமா? பெரும்பாலும் இல்லை. தொட்டியைச் சில மீற்றர் தள்ளலாம். நடைபாதையைக் கால் நட்டு உயர்த்தலாம். தரிப்பிடத்தை வெட்டாமல், துணி விரித்து மேலே மண் நிரப்பி அமைக்கலாம். வரைபடம் பென்சிலில் இருக்கும்வரை இவற்றுக்குப் பெரிய செலவில்லை. கொந்தராத்தில் கையெழுத்து விழுந்த பிறகு ஒரு குழாயைத் திருப்புவதற்கே மாதக்கணக்கில் கடிதம் எழுத வேண்டியிருக்கும்.