லாட்டரி எண்களுக்கு வரிசை எண் கேட்டு வருவோருக்கு

சேலம் அஸ்தம்பட்டியில் பல ஆண்டுகளாகக் கணக்கு மென்பொருள் எழுதிக் கொடுத்து வருகிறேன். ஜவ்வரிசி மண்டி, கொலுசுப் பட்டறை, விசைத்தறிக் கூடம் ஆகியவற்றின் இருப்பும் பற்றுவரவும்தான் என் அன்றாட வேலை. ஆனாலும் ஆண்டுக்கு இரண்டு மூன்று பேராவது லாட்டரி எண்களோடு வந்து உட்காருகிறார்கள். சென்ற ஆண்டு வந்தவர் செவ்வாய்ப்பேட்டையைச் சேர்ந்த மளிகை மொத்த வியாபாரி. அவருடைய மருமகன் கனடாவில் இருக்கிறார். அங்கே 1982 முதல் நடந்துவரும் ‘லாட்டோ 6/49’ சீட்டு வாங்குகிறார். 1 முதல் 49 வரையுள்ள எண்களில் ஆறைத் தேர்ந்தெடுக்கும் ஆட்டம் அது. எல்லாச் சேர்மானங்களையும் வரிசையாக அடுக்கி ஒவ்வொன்றுக்கும் ஒரு வரிசை எண் கொடுத்துவிட்டால், பரிசு விழுந்த எண்கள் அந்த வரிசையில் எங்கெங்கே விழுகின்றன என்று பார்த்து அடுத்ததைப் பிடித்துவிடலாம் என்பது அவருடைய எண்ணம். இந்த எண்ணத்தை அவருக்கு விதைத்தவர் பதினெட்டாயிரம் ரூபாய்க்கு ஒரு மென்பொருளை விற்றிருந்தார். அது ஒரு பென் டிரைவில், தாளில் சுற்றி, அவருடைய சட்டைப் பையில் இருந்தது.

அவர் கேட்டதில் இரண்டு விஷயங்கள் கலந்திருந்தன. வரிசை எண் போடுவது நல்ல கணிதம். அதை வைத்து அடுத்த குலுக்கலைப் பிடிப்பது வெறும் ஏமாற்று. முதலாவதைக் காட்டித்தான் இரண்டாவதை விற்கிறார்கள் என்பதால் முதலாவதை விளக்கமாகவே சொல்லிவிடுகிறேன்.

49-ல் ஆறு எடுக்கும் சேர்மானங்கள் மொத்தம் 1,39,83,816. வியாபாரி அவற்றை எக்ஸெல்லில் அடுக்கத் தொடங்கியிருந்தார். ஒரு தாளில் 10,48,576 வரிசைகள்தான் கொள்ளும் என்பதால் அவருக்குப் பதினான்கு தாள்கள் தேவைப்பட்டிருக்கும். மூன்றாவது தாளிலேயே கணினி திணறி நின்றுவிட்டது. உண்மையில் எதையும் அடுக்கி வைக்கத் தேவையில்லை. சீட்டைப் பார்த்து வரிசை எண்ணையும், வரிசை எண்ணைப் பார்த்துச் சீட்டையும் கணக்கிட்டே சொல்லிவிடலாம்.

இது நம் ஊருக்குப் புதிய வித்தை அல்ல. கர்நாடக இசையின் தாய் ராகங்களான 72 மேளகர்த்தாக்கள் இதே முறையில்தான் எண்ணிடப்பட்டிருக்கின்றன. ரிஷபத்துக்கும் காந்தாரத்துக்கும் சேர்த்து நான்கு சுரத்தானங்கள் உள்ளன. அவற்றில் இரண்டை எடுத்தால் ஆறு சேர்மானங்கள் கிடைக்கும்: 1-2, 1-3, 1-4, 2-3, 2-4, 3-4. ஒவ்வொரு சேர்மானத்துக்கும் ஆறு ராகங்கள் கொண்ட ஒரு தொகுதி, அதன் பெயர் சக்கரம். முதல் ஆறு சக்கரங்களும் இதே ஏறுவரிசையில் நிற்கின்றன. தைவத நிஷாதங்களுக்கும் அதே நான்கில் இரண்டு, அதே வரிசை. சங்கராபரணத்தில் வருபவை சதுஸ்ருதி ரிஷபமும் அந்தர காந்தாரமும். அதாவது 2-4, ஐந்தாவது சேர்மானம். அதற்கு முன்னே நான்கு சக்கரங்கள், சக்கரத்துக்கு ஆறு ராகமாக இருபத்து நான்கு கழிந்துவிட்டன. தைவத நிஷாதமும் 2-4, ஐந்தாவது. இருபத்து நான்கும் ஐந்தும் இருபத்தொன்பது. சங்கராபரணம் 29-ஆவது மேளம். மற்ற சுரங்களை அப்படியே வைத்து மத்திமத்தை மட்டும் பிரதி மத்திமமாக மாற்றினால் 36 கூடி 65, அது மேசகல்யாணி. இசை தெரிந்த பெண்ணோ பையனோ வீட்டில் இருந்தால் சேர்மானத்துக்கு வரிசை எண் போடுவது எப்படி என்று அவர்களிடமே கேட்டுக்கொள்ளலாம். யாப்பிலக்கணத்திலும் வடமொழியாளர்கள் இந்த இரு வேலைகளுக்கும் பெயர் வைத்திருந்தார்கள்: வடிவத்திலிருந்து எண்ணைக் காண்பது உத்திஷ்டம், எண்ணிலிருந்து வடிவத்தை மீட்பது நஷ்டம்.

லாட்டரிக்கும் வழி அதேதான்; எண்கள்தான் பெரியவை. ஒவ்வொரு சீட்டின் எண்களையும் சிறியதிலிருந்து பெரியதாக எழுதினால், 1-ல் தொடங்கும் சேர்மானங்கள் 17,12,304. 2-ல் தொடங்குபவை 15,33,939. 3-ல் தொடங்குபவை 13,70,754. வரிசை எண் 32,50,000-இல் என்ன சீட்டு இருக்கிறது என்று கேட்டால், முதல் தொகையைக் கழித்து 15,37,696, அதிலிருந்து இரண்டாவதைக் கழித்து 3,757 என்று வருகிறோம். 3,757-இலிருந்து மூன்றாவது தொகையைக் கழிக்க முடியாது. ஆகவே முதல் எண் 3. மிச்சமிருக்கும் 3,757-ஐ வைத்து அடுத்தடுத்த எண்களுக்கும் இதையே செய்துகொண்டு போனால் 3-4-5-10-23-26 என்ற சீட்டு வந்து நிற்கும். ஐம்பது கழித்தல்களுக்குள் முடிந்துவிடும் வேலை இது. கைப்பேசியே கண் இமைப்பதற்குள் செய்யும். 1977-லேயே பக்கிள்ஸ், லிபனான் என்ற இருவர் இதற்கான நிரலை அமெரிக்கக் கணினிச் சங்கத்தின் இதழில் 515-ஆவது அல்காரிதமாக (கணக்கீட்டு வழிமுறையாக) வெளியிட்டுவிட்டார்கள். பதினெட்டாயிரம் கேட்பவரிடம் இருக்கும் ‘ரகசியம்’ இவ்வளவு பழையது.

எழுத முற்படும் இளைஞர்களுக்காக என் சொந்தத் தவறுகள் இரண்டையும் சொல்லிவைக்கிறேன். முதல் நிரலில் சேர்மான எண்ணிக்கையைக் காரணியத்தால், அதாவது 1 முதல் ஓர் எண் வரை எல்லாவற்றையும் பெருக்கி வரும் தொகையால் கணக்கிட்டேன். கணினி ஒரு முழு எண்ணுக்கு ஒதுக்கும் 64 பிட் இடத்தில் 20-இன் காரணியம் வரைதான் அடங்கும். 49-இன் காரணியத்தை அதில் திணித்ததும் விடைகள் எதிர்மறையாக வந்தன. ஒவ்வோர் எண்ணும் அதற்கு மேலே உள்ள இரண்டின் கூட்டலாக வரும் பாஸ்கல் முக்கோணத்தைக் கூட்டலால் மட்டுமே கட்டி ஒரு சிறு அட்டவணையாக வைத்துக்கொள்வதே சரியான வழி. இரண்டாவது தவறு, குலுக்கலில் பந்துகள் விழுந்த வரிசையிலேயே எண்களை வாங்கிக் கணக்கிட்டது. ஏறுவரிசைக்கு மாற்றாமல் கொடுத்தால் நிரல் பிழை என்று சொல்லாது. நம்பும்படியான ஒரு தவறான எண்ணைச் சொல்லும், அதுதான் ஆபத்து. இப்போதெல்லாம் எழுதி முடித்ததும் 1 முதல் 1,39,83,816 வரை ஒவ்வோர் எண்ணையும் சீட்டாக்கி, அந்தச் சீட்டை மறுபடி எண்ணாக்கி, தொடங்கிய எண்ணே திரும்பி வருகிறதா என்று முழுவதையும் ஓட்டிப் பார்க்காமல் யாருக்கும் கொடுப்பதில்லை.

இனி வியாபாரியின் பென் டிரைவுக்கு வருவோம். அந்த மென்பொருள் ஒரு வரைபடத்தைக் காட்டி, பரிசுச் சீட்டுகளில் பாதி, வரிசையின் முற்பகுதியில், 1 முதல் 5 வரையுள்ள எண்களில் தொடங்குபவையாகவே இருக்கின்றன என்று சிவப்பு எழுத்தில் சொன்னது. அவர் மருமகனின் பழைய முடிவுகளை நாற்பது பக்க நோட்டில் எழுதிச் சரிபார்த்தும் இருந்தார். சரியாகத்தான் இருந்தது, இருக்கத்தான் வேண்டும். 1 முதல் 5 வரை தொடங்கும் சேர்மானங்களைக் கூட்டினால் 69,24,764 வரும். அது மொத்தத்தில் ஏறத்தாழப் பாதி. சீட்டுகளில் பாதி அந்தப் பக்கம் இருக்கையில் பரிசிலும் பாதி அந்தப் பக்கம் விழுவதில் கண்டுபிடிப்பு எங்கிருந்து வந்தது? செவ்வாய்ப்பேட்டைக் கடைகளில் பாதி மளிகைக் கடையாக இருந்தால், மழைக்கு ஒதுங்குகிறவர்களில் பாதிப் பேர் மளிகைக் கடையில்தான் ஒதுங்குவார்கள் என்று அவரிடம் சொன்னேன். சிரித்தார், ஆனால் நம்பியதாகத் தெரியவில்லை.

பிறகு இரண்டு சீட்டுகளை எழுதிக் காட்டினேன். 1-45-46-47-48-49 என்பதன் வரிசை எண் 17,12,304. அடுத்த எண் 17,12,305. அதன் சீட்டு 2-3-4-5-6-7. பக்கத்துப் பக்கத்து வீடுகள். ஒரே ஓர் எண் கூடப் பொதுவாக இல்லை. ‘போன வாரம் இந்த எண்ணுக்கு விழுந்தது, இந்த வாரம் அதற்குப் பக்கத்தில் விழும்’ என்பதற்கு இங்கே பொருளே இல்லை. வரிசையை நாம் அடுக்கிய விதம்தான் அவற்றைப் பக்கத்தில் வைத்ததே தவிர, பந்துகளுக்கு அது தெரியாது.

அதைவிட அவரை உறுத்தியது மற்றொன்று. 1-2-3-4-5-49 என்ற சீட்டுக்குச் சிறிய எண்ணிலிருந்து ஒப்பிடும் வழக்கமான வரிசையில் எண் 44. பெரிய எண்ணிலிருந்து ஒப்பிட்டு அடுக்கும் முறையும் உண்டு. கணிதத்தில் இரண்டும் புழக்கத்தில் உள்ளவை. அந்த முறையில் இதே சீட்டின் எண் 1,22,71,513. முன்வரிசையில் இருந்தது கடைக்கோடிக்குப் போய்விட்டது. “இதுல எதுங்க தம்பி நெசமான நம்பரு?” என்று கேட்டார். இரண்டுமே உண்மைதான், மாநகராட்சி தெருவுக்குக் கதவு எண்ணை மாற்றிப் போட்டால் வீடு நகர்வதில்லையே என்றேன். கொஞ்ச நேரம் நோட்டைப் புரட்டாமல் வைத்திருந்தார்.

நம் ஊரில் இதைச் சொல்லாமல் விட முடியாத காரணம் இருக்கிறது. 1998-ஆம் ஆண்டின் லாட்டரி ஒழுங்குமுறைச் சட்டம், பிற மாநில லாட்டரிகளைத் தன் எல்லைக்குள் தடை செய்ய மாநில அரசுக்கு அதிகாரம் தருகிறது. தமிழ்நாட்டில் 2003 ஜனவரியில் லாட்டரிச் சீட்டு விற்பனை தடை செய்யப்பட்டது. அதற்குப் பிறகும் மூன்று நம்பர் லாட்டரி என்று துண்டுச் சீட்டில் எழுதி விற்பது மறைவாக நடக்கிறது. கூலி வேலைக்குப் போகிறவர்கள் அன்றைய சம்பளத்தை அதில் போடுகிறார்கள். அதற்கும் ‘மென்பொருள்’ விற்கிறார்கள். மூன்று இலக்க எண்கள் 000 முதல் 999 வரை ஆயிரம்தான். எண்ணே தன் வரிசை எண். அடுக்குவதற்கு எதுவும் இல்லாத இடத்தில் அடுக்கித் தருவதாகக் காசு வாங்குவதை என்னவென்று சொல்வது? இத்தகைய வேலை கேட்டு வருபவர்களைத் தொழிலுக்குப் புதிதாக வந்திருக்கும் பிள்ளைகள் திருப்பி அனுப்பிவிட வேண்டும். சட்டச் சிக்கல் ஒரு பக்கம் இருக்க, நாம் எழுதும் வரைபடத்தைக் காட்டித்தான் அடுத்த ஆளிடம் பணம் பறிப்பார்கள்.

வியாபாரிக்கு நான் எழுதிக் கொடுத்தது சிறு நிரல்தான். சீட்டின் ஆறு எண்களைத் தட்டினால் இரண்டு முறைகளிலும் அதன் வரிசை எண்களை அருகருகே காட்டும். அடுத்த எண் என்ற பொத்தான் அதில் கிடையாது; வைக்கச் சொல்லி இரண்டு முறை தொலைபேசியில் கேட்டார், மூன்றாவது முறை கடையின் இருப்புக் கணக்கைப் பற்றிப் பேசினார்.