சுழற்சி அச்சு: இருசு வேற, இது வேற

ஒரு பொருள் எந்தக் கோட்டைச் சுத்தி சுழலுதோ அந்த ஆக்ஸிஸ் ஆஃப் ரொட்டேஷனுக்கு தமிழ்ல சுழற்சி அச்சு. அச்சுன்னா முதல்ல வண்டி இருசுதான், ரெண்டு சக்கரத்தையும் கோக்குற கட்டை. புறநானூறு 102லயே உப்பு விக்கிற உமணர் வண்டிக்கு அடியில கட்டி வெச்ச ‘சேம அச்சு’ வருது, இப்ப நாம சொல்ற ஸ்டெப்னி மாதிரி. லத்தீன் ஆக்ஸிஸுக்கும் சமஸ்கிருத அக்ஷவுக்கும் கூட அதே இருசுன்னு அர்த்தம் உண்டு, அது ரெண்டும் ஒரே வேர். தமிழ் அச்சையும் அக்ஷவோட சேர்க்குறவங்க இருக்காங்க.

சிக்கல் இந்த இருசாலதான். அச்சுன்னதும் நடுவுல ஒரு கம்பி இருக்கணும்னு மனசுல பதிஞ்சிடுது. ஆனா வழுக்காம உருளுற சக்கரத்தை எடுங்க, வண்டி நொடிக்கு 10 மீட்டர் போனா சக்கரத்தோட நடுவும் அதே 10, உச்சி 20, தரையைத் தொடுற இடம் மட்டும் அந்தக் கணத்துல 0. அப்போ தரையில நிக்கிறவருக்கு சக்கரம் சுத்துறது இருசைச் சுத்தி இல்ல, தரையைத் தொடுற கோட்டைச் சுத்தி! அடுத்த கணம் வேற கோடு, அதனாலதான் இதுக்கு கணநேர சுழற்சி அச்சுன்னு பேரு.

கண்டுபிடிக்கிறது எப்படின்னா, ஒரு தளத்துல நகர்ற திண்பொருள்ல (வடிவம் மாறாத பொருள்) ரெண்டு புள்ளி எடுத்து, ஒவ்வொண்ணும் போற திசைக்கு செங்குத்தா கோடு போடணும், ரெண்டும் வெட்டுற இடத்துல அச்சு. சுவர்ல சாஞ்ச 5 மீட்டர் ஏணி சறுக்குது, கால் சுவர்ல இருந்து 3 மீட்டர் தள்ளி, தலை 4 மீட்டர் உயரத்துலன்னு வைங்க. கால் தரையோட போகுது, அதுக்கு செங்குத்து நேர் மேல. தலை கீழ இறங்குது, அதுக்கு செங்குத்து கிடைமட்டம். ரெண்டும் வெட்டுறது ஏணிக்கு வெளியே, வெறும் காத்துல! அங்க கம்பியும் இல்ல ஒண்ணும் இல்ல, ஆனா கணக்கு சரியா வரும்: ஏணியோட கால் போற வேகம் நொடிக்கு 1 மீட்டர்னா, அது அச்சுல இருந்து 4 மீட்டர் தள்ளி இருக்கு, அதனால கோணவேகம், அதாவது சுத்துற வேகம், 1 ÷ 4, நொடிக்கு 0.25 ரேடியன் (ரேடியன்கிறது கோணத்தோட அலகு), தலை 3 மீட்டர் தள்ளி, அதோட வேகம் 3 × 0.25, நொடிக்கு 0.75 மீட்டர்.

ரெண்டு புள்ளியும் ஒரே திசையில ஒரே வேகத்துல போனா கோடுங்க வெட்டாது, சுழற்சியே இல்ல, வெறும் இடப்பெயர்ச்சி. முப்பரிமாணத்துல பொதுவா எந்தப் புள்ளியும் நிக்காது, பொருள் சுத்திக்கிட்டே அச்சு போற திசையில நகரவும் செய்யும், 1763ல மோட்ஸினு ஒரு இத்தாலியர் காட்டினது இது, அதுக்கு திருகு அச்சுன்னு சொல்லலாம்.