நாலு மணிக்கு நிழல் எங்கே விழும்?

மார்ச் பிறந்தால் போதும், குடியிருப்புச் சங்கத்தாரும் பள்ளித் தாளாளர்களும் கூப்பிட ஆரம்பித்துவிடுவார்கள். கேள்வி எப்போதும் வாங்கக்கூடிய பொருளைப் பற்றித்தான் இருக்கும். தரைக்கு வெள்ளை பெயின்ட் அடிக்கலாமா, தண்ணீர் தூவும் ஃபேன் வைக்கலாமா, செயற்கைப் புல் விரிக்கலாமா. திறந்தவெளி இடங்களை வடிவமைக்கும் தொழிலில் இருக்கும் நான் முதலில் திருப்பிக் கேட்பது ஒன்றுதான்: அங்கே யார், எத்தனை மணிக்கு நிற்கப்போகிறார்கள்?

வானிலை மையம் 39 டிகிரி என்று சொன்னால், அது காற்றோட்டமான பெட்டிக்குள் நிழலில் வைத்த வெப்பமானி காட்டும் காற்றின் சூடு. வெட்டவெளியில் நிற்பவருக்கு அதோடு நேர் வெயிலும் சேர்கிறது. தரையும் சுவரும் தகர ஷீட்டும் வீசும் அனலும் சேர்கிறது. மரத்தடிக்குப் போனால் காற்றின் சூடு ஒன்றிரண்டு டிகிரிதான் குறைந்திருக்கும். ஆனாலும் ‘அப்பாடா’ என்று உட்காரத் தோன்றுகிறதே, வெயிலும் அனலும் மேலே படாததால்தான்.

சென்னையில் வெயில் சாயும் நேரத்தில் மேற்குப் பார்த்த பஸ் ஸ்டாப் ஒன்றைக் கவனியுங்கள். எவர்சில்வர் இருக்கை காலியாகக் கிடக்கும், கைவைக்க முடியாத சூட்டில். பயணிகள் நிழற்குடைக்குப் பின்னால் போய் நிற்பார்கள். இன்னும் சிலர் மின்கம்பத்தின் நிழலில் ஒருவர் பின் ஒருவராக வரிசை கட்டி நிற்பார்கள். கூரை இருக்கிறது, நிழல் வேறெங்கோ விழுகிறது. மே மாதம் மாலை நாலு மணிக்குச் சூரியன் தொடுவானத்திலிருந்து சுமார் 33 டிகிரி உயரத்தில் இருக்கும். இரண்டரை மீட்டர் உயரக் கூரையின் நிழல் ஏறக்குறைய நாலு மீட்டர் கிழக்கே தள்ளி விழும். ஒன்றரை மீட்டர் அகலக் கூரையால் யாருக்கு என்ன பயன்? மேற்குப் பக்கம் ஒரு தட்டி தொங்கவிட்டிருந்தால் போதும், அரைவாசிச் சிக்கல் தீர்ந்திருக்கும்.

2024 கோடையில் புதுச்சேரி சிக்னல்களில் பச்சை வலைப் பந்தல் போட்டபோது படம் நாடெங்கும் சுற்றியது. பல ஊர்கள் அதைப் பார்த்துச் செய்தன. எனக்கு அது மிகவும் பிடித்த வேலை. வலை காற்றைத் தடுக்காது, தகரம்போல் சூடேறித் தலையில் அனல் கொட்டாது. ஆனால் அதற்கும் இதே கணக்குத்தான்: ஐந்து மீட்டர் உயரத்தில் கட்டினால் நாலு மணி நிழல் ஏழரை மீட்டர் கிழக்கே போய்விடும். பைக்குகள் நிற்கும் கோட்டுக்கு நேர் மேலே கட்டுவது நடுப்பகலுக்குச் சரி, மாலைக்கு மேற்கே நீட்ட வேண்டும். இன்னொன்றும் பலருக்குத் தெரிவதில்லை. அக்னி நட்சத்திரத்தின்போது சென்னையில் உச்சிச் சூரியன் தலைக்கு நேர் மேலிருந்து சற்று வடக்கே இருக்கும். தெற்குப் பக்கம் மட்டும் மறைப்புக் கட்டுகிறவர்கள் இதையும் யோசிக்க வேண்டும்.

வெள்ளை பெயின்டுக்கு வருகிறேன். 2020-ல் அமெரிக்காவின் பீனிக்ஸ் நகரம் சில தெருக்களின் தார் மேல் வெளிர்நிறப் பூச்சு அடித்தது. அரிசோனா மாநிலப் பல்கலைக்கழகத்தினர் அளந்து பார்த்தார்கள். நடுப்பகலில் தரையின் சூடு சுமார் 6 டிகிரி செல்சியஸ் குறைந்திருந்தது. ஆனால் அதன் மேல் நடப்பவர் மீது படும் வெப்பம் சுமார் 3 டிகிரி கூடியிருந்தது. தரை உறிஞ்சாத வெயில் ஆள் மேல் திரும்பிவிட்டது. சாதாரண கான்கிரீட் நடைபாதையில் நடப்பதும் கிட்டத்தட்ட அப்படித்தான் என்பதால் பெரிய தீங்கில்லை, ஆனால் நிற்பவருக்குக் குளிர்ச்சி என்று சொல்லி விற்பது தவறு. மொட்டைமாடிக்கு அடியுங்கள், தாராளமாக. பகலில் அங்கே வடகம் காயவைப்பவரைத் தவிர யாரும் நிற்பதில்லை.

தூவல் ஃபேன் ஊரைப் பொறுத்தது. மதுரை, வேலூர் போல் பகல் காற்று உலர்ந்திருக்கும் ஊர்களில் நன்றாக வேலை செய்யும். கடற்கரை ஓரத்தில் காற்றில் ஏற்கெனவே ஈரம் ததும்புகிறது. தூவிய நீர் ஆவியாகாமல் சட்டையில் இறங்கும். சென்னைக்காரருக்குத் தேவை காற்றோட்டம். கோடையில் பெரும்பாலான நாட்கள் மதியவாக்கில் கடற்காற்று உள்ளே வந்துவிடும். அதைக் கிழக்குப் பக்கம் எட்டடி காம்பவுண்டுச் சுவர் எழுப்பி நிறுத்திவிட்டு, பிறகு ஃபேனுக்கு டெண்டர் விடுகிறோம்.

செயற்கைப் புல் விஷயத்தில் எனக்குச் சமாதானமே கிடையாது. நேர் வெயிலில் அதன் மேற்பரப்பு 60 டிகிரியைத் தாண்டுவது சாதாரணம். தண்ணீர் விட்டு வளர்க்கும் நிஜப்புல் அந்தச் சூட்டின் பக்கத்தில்கூட வராது. அந்தச் செயற்கைப் புல்லைத்தான் குழந்தைகள் வெறுங்காலோடு ஓடும் இடத்தில் விரிக்கிறோம். உங்கள் குடியிருப்பின் விளையாட்டு இடத்தில் மதியம் இரண்டு மணிக்குப் புறங்கையை ஐந்து விநாடி வைத்துப் பாருங்கள். வைக்க முடியாவிட்டால், முதல் செலவு அதன் மேல் நிழலுக்குத்தான்.

நீர் இறங்கும் பேவர் பிளாக் என்று விலை கூட்டி விற்கிறார்கள். அடியில் கான்கிரீட் கொட்டியிருந்தால் நீர் எங்கே இறங்கும்? ஜல்லியும் மணலும்தான் போடுகிறார்களா என்று பதிக்கும் நாளில் போய்ப் பாருங்கள்.

மரத்துக்கு ஈடான நிழல் இல்லை என்பதை எல்லோரும் சொல்வார்கள், நட்ட பிறகு அடிமரம்வரை கான்கிரீட் பூசுவதையும் செய்வார்கள். டெல்லியில் மரங்களைச் சுற்றி ஒரு மீட்டருக்குள் இருக்கும் கான்கிரீட்டை அகற்றும்படி தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2013-லேயே உத்தரவிட்டது. அந்த ஒரு மீட்டர் குறைந்தபட்சம், அதற்கு மேல் எவ்வளவு விட முடியுமோ விடுங்கள். எந்த மரம் என்பதும் முக்கியம். செம்மயிற்கொன்றை (குல்மோஹர்) அழகுதான், ஆனால் வெயில் ஏறும் நாட்களில் இலையுதிர்ந்து நிற்கும். கிளையும் பலமில்லை, 2016 வர்தா புயல் அதைக் காட்டிவிட்டுப் போனது. புங்கம் கோடை தொடங்கும்போதே புதுத் துளிர் விட்டு, சித்திரை வெயிலில் அடர்ந்து நிற்கும். வேம்பும் அப்படியே. கடலோரம் என்றால் பூவரசும் புன்னையும்.

சென்னைப் பக்கம் இருப்பவர்கள் கோடையில் குழி வெட்டவேண்டாம். அப்போது நாலு மணி நிழலைச் சுண்ணாம்பால் தரையில் குறித்து, இடத்தை முடிவு செய்துகொள்ளுங்கள். ஆள் உயரம் தாண்டிய கன்றாக வாங்கி, வடகிழக்குப் பருவமழைக்கு முன்பு, செப்டம்பரில் நடுங்கள். அடுத்த இரண்டு கோடைக்குத் தண்ணீர் ஊற்றப்போவது யார் என்று சங்கக் கூட்டத்திலேயே பெயர் எழுதி வாங்கிவிடுங்கள்.