ஆட்டிசம் உள்ள குழந்தைக்கு ஒவ்வாமையா, பத்தியமா? தட்டில் கை வைக்கும் முன் பார்க்க வேண்டியவை

மும்பையில் குழந்தைகளுக்கான உணவு ஆலோசகராக வேலை பார்க்கிறேன். தாராவி, சயான் கோலிவாடா, செம்பூர், முலுண்ட் பக்கமிருந்து தமிழ்க் குடும்பங்கள் நிறைய வருகின்றன. ஆட்டிசம் உள்ள குழந்தை என்றால், பாதிப் பேர் ஏற்கெனவே ஏதோ ஒரு பத்தியத்தில்தான் வந்து உட்காருகிறார்கள். பால் கிடையாது, கோதுமை கிடையாது, சில வீடுகளில் சர்க்கரையும் கிடையாது. யார் நிறுத்தச் சொன்னது என்று கேட்டால், தெரபி சென்டரில் பக்கத்தில் உட்கார்ந்திருந்த அம்மா, வாட்ஸ்அப்பில் வந்த வீடியோ என்று பதில் வரும். இன்னொரு பக்கம், பால் குடித்துப் பத்து நிமிடத்தில் உதடு வீங்கும் குழந்தையை வைத்துக்கொண்டு, "கொஞ்சங்கொஞ்சமா கொடுத்தா பழகிடும்னு ஊர்ல சொல்றாங்க மேடம்" என்பவர்களும் வருகிறார்கள்.

நிறுத்தத் தேவையில்லாத வீட்டில் கறாராக நிறுத்துகிறார்கள். ஒரு சொட்டுகூடப் போகக் கூடாத வீட்டில் தாராளமாக இருக்கிறார்கள். இரண்டையும் பிரித்துப் பார்க்காததால்தான் இந்தக் குழந்தைகள் அதிகம் கஷ்டப்படுகிறார்கள் என்பது என் அனுபவம்.

முதலில் டெஸ்ட் விஷயம். ரத்தம் எடுத்து, நூறு இருநூறு உணவுப் பெயர்களுக்கு எதிரே சிவப்பு, மஞ்சள், பச்சை என்று நிறம் தீட்டிய அறிக்கையைப் பல பெற்றோர் கொண்டுவருகிறார்கள். ஆயிரக்கணக்கில் செலவு செய்திருப்பார்கள். அது ஐஜிஜி என்ற எதிர்ப்பொருளை அளக்கும் டெஸ்ட். ஒரு உணவை அடிக்கடி சாப்பிட்டால் உடம்பில் அதற்கு ஐஜிஜி இருப்பது இயல்பு. அதனால்தான் தினமும் தயிர் சாதம் சாப்பிடும் பிள்ளைக்குத் தயிரும் அரிசியும் சிவப்பில் வருகின்றன. ஒவ்வாமையைக் கண்டுபிடிக்க இதைப் பயன்படுத்த வேண்டாம் என்று ஐரோப்பிய ஒவ்வாமை மருத்துவர்கள் அமைப்பு 2008-லேயே அறிக்கை வெளியிட்டுவிட்டது. தலைமுடியை அனுப்பிச் செய்யும் டெஸ்டுக்கு அந்த அளவு அடிப்படைகூட இல்லை. உண்மையான ஒவ்வாமையைப் பார்ப்பதற்கு, சாப்பிட்ட பிறகு என்ன நடந்தது என்ற வரலாறு, தோலில் குத்திப் பார்க்கும் டெஸ்ட், அந்தந்த உணவுக்கான ஐஜிஇ (ஒவ்வாமையோடு தொடர்புள்ள வேறொரு எதிர்ப்பொருள்) ரத்தப் பரிசோதனை, தேவைப்பட்டால் மருத்துவர் கண்ணெதிரே சிறிது சிறிதாகக் கொடுத்துப் பார்ப்பது என்று முறை இருக்கிறது. ஐஜிஇ கொஞ்சம் கூடுதலாக வந்துவிட்டது என்பதற்காக மட்டும், இத்தனை நாளும் எந்தத் தொந்தரவும் இல்லாமல் சாப்பிட்ட உணவை நிறுத்தவும் கூடாது.

அடுத்து, பால் கோதுமை இல்லாத பத்தியம். இதன் பின்னால் ஒரு ஊகம் உண்டு. கோதுமையிலுள்ள குளூட்டன், பாலிலுள்ள கேசீன் ஆகிய புரதங்கள் முழுதாகச் செரிக்காமல், அபினைப் போன்ற துணுக்குகளாகக் குடல்வழியே ரத்தத்தில் கலந்து மூளையைக் குழப்புகின்றன என்பது அது. கேட்க நம்பும்படி இருக்கிறது, சோதித்துப் பார்த்தபோது நிற்கவில்லை. அமெரிக்காவின் ராச்செஸ்டர் பல்கலைக்கழகத்தில் ஆட்டிசம் உள்ள 14 குழந்தைகளை இந்தப் பத்தியத்தில் வைத்து, பிறகு எந்தத் தின்பண்டத்தில் கோதுமையோ பாலோ இருக்கிறது என்று பெற்றோருக்கும் தெரியாமல் கொடுத்துப் பார்த்தார்கள். நடத்தையிலும் தூக்கத்திலும் மலம் போவதிலும் வித்தியாசம் தெரியவில்லை. 14 பேர் என்பது சின்ன எண்ணிக்கைதான், ஆனால் கவனமாகச் செய்த ஆய்வு. சிகிச்சை வழிகாட்டிகளை வெளியிடும் பிரிட்டனின் நைஸ் அமைப்பு 2013-ல் வெளியிட்ட வழிகாட்டியும், ஆட்டிசத்தின் அடிப்படைக் கூறுகளை மாற்றுவதற்காக இந்தப் பத்தியத்தைப் பயன்படுத்தாதீர்கள் என்று நேரடியாகவே சொல்கிறது.

"எங்க பிள்ளைக்கு நல்ல மாற்றம் தெரிஞ்சுதே" என்று சொல்லும் பெற்றோரை நான் மறுத்துப் பேசுவதில்லை. மாற்றம் உண்மையாகவே இருக்கலாம். நாளுக்கு ஒரு லிட்டர் பால் குடித்து, வேறெதுவும் சாப்பிடாமல், மலச்சிக்கலும் இரும்புச்சத்துக் குறைவுமாக இருந்த குழந்தைக்குப் பாலைக் குறைத்தால் வயிறு இளகும், பசி எடுக்கும், இரவில் தூங்கும், தலையை முட்டிக்கொள்வது குறையும். மலச்சிக்கலின் வலியைச் சொல்லத் தெரியாத குழந்தை அதை அடமாகத்தான் காட்டும். ஆனால் அங்கே வேலை செய்தது பாலின் அளவைக் குறைத்தது. அதற்காகப் பாலின் சாயலே படாமல் வாழ வேண்டியதில்லை.

இந்தப் பத்தியத்தால் கெடுதல் ஒன்றும் இல்லையே, செய்து பார்த்தால் என்ன? பலர் கேட்பது இதைத்தான். கெடுதல் இருக்கிறது. ஆறு வயதுப் பையன் ஒருவன் சாப்பிடுவது மொத்தம் ஐந்தே பொருள் என்று அவன் அம்மா எழுதிக்கொண்டு வந்தார்: தயிர் சாதம், உருளைக்கிழங்கு வறுவல், ஒரே கம்பெனியின் மஞ்சள் பாக்கெட் பிஸ்கட், பால், பூரி. தயிர் சாதத்தில் கடுகு ஒன்று தெரிந்தாலும் தட்டைத் தள்ளிவிடுவான். பிஸ்கட் உடைந்திருந்தால் வேண்டாம். இந்தப் பட்டியலில் பாலையும் கோதுமையையும் அடித்துவிட்டுப் பாருங்கள், மிஞ்சுவது உருளைக்கிழங்கு. அந்த வீட்டில் அப்படித்தான் பல மாதம் ஓட்டியிருந்தார்கள். நடக்கும்போது கால் வலித்து உட்கார்ந்துவிட ஆரம்பித்த பிறகுதான் மருத்துவரிடம் போனார்கள். வைட்டமின் டி மிகவும் கீழே போயிருந்தது, எடையும் ஏறவில்லை. பழமும் காயும் தொடாத ஆட்டிசம் உள்ள குழந்தைகளுக்கு வைட்டமின் சி குறைந்து ஸ்கர்வி வந்து, நடக்க மறுத்த சம்பவங்கள் மருத்துவ இதழ்களில் பலமுறை பதிவாகியிருக்கின்றன. 4 முதல் 8 வயதுள்ள ஆட்டிசம் உள்ள பையன்களை வைத்து 2008-ல் வெளிவந்த அமெரிக்க ஆய்வில் அவர்களின் எலும்பு, வயதுக்கு வேண்டிய தடிமனைவிடக் குறைவாக இருந்தது. பாலை நிறுத்தியவர்களுக்கு இன்னும் குறைவு.

கணக்கைப் பாருங்கள். 4 முதல் 6 வயதுக் குழந்தைக்கு நாளுக்கு 550 மில்லிகிராம் கால்சியம் வேண்டும் என்கிறது இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலான ஐசிஎம்ஆரின் 2020 பரிந்துரை. 200 மில்லி பாலில் சுமார் 240 கிடைத்துவிடும். பத்து பாதாமை ஊறவைத்து அரைத்து எடுக்கும் பாலில் சுமார் 30 தான், புரதமும் சொற்பம். தேங்காய்ப் பாலில் அதுவும் இல்லை. கேழ்வரகு நல்லதுதான், 100 கிராமில் 340 மில்லிகிராமுக்கு மேல் இருக்கிறது. ஆனால் ஒரு குழந்தை ஒரு வேளைக் கூழில் சாப்பிடுவது 30 கிராம் மாவு. பாலை நிறுத்தியே ஆக வேண்டும் என்றால் கால்சியம், வைட்டமின் டி மருந்து வேண்டுமா என்று மருத்துவரிடம் அன்றைக்கே பேசிவிட வேண்டும்.

சரி, ஒவ்வாமை உறுதியாகிவிட்டது என்று வைத்துக்கொள்வோம். அப்போது தயவு தாட்சண்யமே கூடாது.

பேசும் குழந்தைக்கு வாய் அரித்தால் "காரமா இருக்கு" என்றாவது சொல்லும். பேசாத குழந்தை நாக்கை நகத்தால் சுரண்டும், உதட்டைச் சட்டையில் தேய்க்கும், காதைக் குடையும், திடீரென்று மடியில் ஏறிச் சுருண்டுகொள்ளும். சாப்பிட்ட சில நிமிடத்திலிருந்து இரண்டு மணி நேரத்துக்குள் இப்படி நடந்து, அதே உணவுக்கு மறுபடியும் நடந்தால் "இவனுக்கு இது வழக்கம்தான்" என்று விட்டுவிடாதீர்கள். ஆட்டிசம் என்ற பெயர் வந்துவிட்டாலே, எல்லா அழுகையையும் அதன் கணக்கில் எழுதிவிடும் பழக்கம் வீட்டிலும் இருக்கிறது, மருத்துவமனையிலும் இருக்கிறது.

பால் ஒவ்வாமைக்கு மும்பையில் நடக்கும் பெரிய தவறு, பசும்பாலை நிறுத்திவிட்டு தபேலாவிலிருந்து (மாட்டுக் கொட்டிலிலிருந்து) எருமைப்பால் வாங்குவது. ஆட்டுப்பாலுக்கு மாறுபவர்களும் உண்டு. மூன்றிலும் உள்ள புரதங்கள் ஏறக்குறைய ஒன்றுபோலவே இருப்பதால், பசும்பால் ஒவ்வாதவர்களில் பெரும்பாலோருக்கு மற்ற இரண்டும் ஒவ்வாது. ஏ2 பாலும் அப்படியே. பாலிலுள்ள சர்க்கரையான லாக்டோஸ் ஒத்துக்கொள்ளாதது வேறு விவகாரம். அது வயிற்று உப்புசமும் பேதியுமாக வரும், தயிர் ஓரளவு ஒத்துக்கொள்ளும். பால் ஒவ்வாமைக்குத் தயிரும் ஆகாது, பால்கோவாவும் ஆகாது, பிள்ளையார் சதுர்த்திக்கு சொசைட்டியில் நீட்டும் பேடாவும் ஆகாது. பாக்கெட்டில் பச்சைப் புள்ளி இருக்கிறதே என்று நம்ப வேண்டாம், அது சைவம் என்பதற்கான அடையாளம்தான்; பாலும் சைவத்தில் சேர்த்தி. பால், கோதுமை, சோயா, வேர்க்கடலை, முட்டை, மீன் போன்றவை இருந்தால் லேபிளில் அறிவிக்க வேண்டும் என்று உணவுப் பாதுகாப்பு ஆணையமான எஃப்எஸ்எஸ்ஏஐயின் விதி இருக்கிறது. சேர்மானப் பட்டியலின் அடியில் அந்த வரியைத் தேடிப் படியுங்கள், ஒவ்வொரு முறை வாங்கும்போதும்.

வேர்க்கடலை இந்த ஊரில் இன்னும் சிக்கல். நம் வீட்டில் கடலை எங்கே இருக்கிறது என்று நமக்குத் தெரியும். மராத்தி சமையலில் வறுத்த கடலைப் பொடியை ஜவ்வரிசி கிச்சடியிலிருந்து காய்ப் பச்சடி வரை தூவுவார்கள், பார்த்தால் தெரியாது. வடா பாவில் தடவும் சிவப்புப் பொடியிலும் பல கடைகளில் கடலை உண்டு. அப்புறம், எண்ணெய். நன்றாகச் சுத்திகரித்த கடலை எண்ணெயில் புரதம் அநேகமாக இருக்காது. ஆனால் நல்லது என்று நினைத்து ஊரிலிருந்து வரவழைக்கும் செக்கு எண்ணெயில் இருக்கிறது. ஒரு குடும்பத்தில் கடலையை அடியோடு நிறுத்திய பிறகும் குழந்தைக்குத் தடிப்பு வந்துகொண்டே இருந்தது. திருநெல்வேலியிலிருந்து தாத்தா ஆசையாகக் கொடுத்தனுப்பிய ஐந்து லிட்டர் கேனைப் பற்றி யாருக்கும் சந்தேகமே வரவில்லை.

பெற்றோர் யோசிக்காத இன்னொரு இடம் தெரபி சென்டர். சொன்னதைச் செய்தால் பரிசாக பிஸ்கட், சாக்லேட் துண்டு, சிப்ஸ் கொடுப்பது அங்கே வழக்கம். பிசைந்து விளையாடும் மாவு பெரும்பாலும் கோதுமை. வாயில் வைக்கும் குழந்தை அதையும் தின்னும். பல் மருத்துவர்கள் தரும் சில பூச்சுகளில் பால் புரதம் இருக்கிறது. குழந்தையின் பரிசுத் தின்பண்டத்தை நீங்களே டப்பாவில் போட்டு, மேலே அவன் படத்தை ஒட்டிக் கொடுத்துவிடுங்கள். பள்ளி, வேன் டிரைவர், வீட்டு வேலைக்கு வருபவர் என்று எல்லோருக்கும் இந்தியிலும் மராத்தியிலும் எழுதிய அட்டை ஒன்று போகட்டும்.

குளூட்டனால் குடல் பாதிக்கப்படும் சீலியாக் நோய் இருக்குமோ என்ற சந்தேகம் இருந்தால் ஒரே வேண்டுகோள்: டெஸ்ட் எடுக்கும் வரை கோதுமையை நிறுத்தாதீர்கள். நிறுத்திவிட்டு எடுத்தால் நோய் இருந்தாலும் இல்லை என்று வரக்கூடும். உறுதியானால் வாழ்நாள் முழுக்க விலக்க வேண்டும். நாம் அரிசிச் சோறுதானே சாப்பிடுகிறோம் என்று இருந்துவிட முடியாது. ரவையும் சேமியாவும் கோதுமை. கடையில் வாங்கும் கூட்டுப் பெருங்காயத்தில் கோதுமை மாவோ மைதாவோ சேர்ப்பது சகஜம், அது சாம்பார்ப் பொடி வழியாகத் தினமும் உள்ளே போகும்.

தட்டை மாற்றுவது எப்படி? ஒவ்வாமை இல்லாத குழந்தைக்கு அவசரமில்லை. பிடித்த பிஸ்கட்டுக்குப் பக்கத்தில் அதே நிறத்தில், அதே மொறுமொறுப்பில் இன்னொன்றை வைத்து, தொட்டால் போதும், முகர்ந்தால் போதும் என்று வாரக்கணக்கில் போகலாம். ஒவ்வாமை இருந்தால் அந்த வசதி கிடையாது, இன்றைக்கே நிறுத்தியாக வேண்டும். அப்போது உணவு ஒன்றைத் தவிர மற்ற எல்லாவற்றையும் அப்படியே விடுங்கள்: அதே கிண்ணம், அதே ஸ்பூன், அதே இடம், அதே குளிர்ச்சி. தயிருக்குப் பதில் சோயாத் தயிர் என்றால், சோயா ஒவ்வுமா என்று மருத்துவரிடம் கேட்டுக்கொண்டு, அதே எவர்சில்வர் கிண்ணத்தில் அதே குழைவான சாதத்தோடு வையுங்கள். அவன் நம்பிச் சாப்பிடும் ஒரே உணவுக்குள் மருந்தையோ காயையோ ஒளித்து வைக்காதீர்கள். கண்டுபிடித்துவிட்டால் அந்த உணவும் போய்விடும், பிறகு மீட்பது மிகக் கடினம்.

பாட்டியிடம் கெஞ்ச வேண்டியதும் இதில் சேர்த்தி. "ஒரு வாய் தயிர்ச் சோத்துல என்ன ஆயிடப் போவுது" என்று கேட்பவர் பேரன் மேல் உள்ள பாசத்தில்தான் கேட்கிறார். வாதாடுவதைவிட, அவரையும் ஒருமுறை மருத்துவரிடம் அழைத்துப் போங்கள். கொஞ்சமாகக் கொடுத்துப் பழக்கும் சிகிச்சை என்று ஒன்று உண்டு. அது ஒவ்வாமை மருத்துவர் கண்காணிப்பில் மில்லிகிராம் கணக்கில் நடப்பது, சமையலறையில் செய்வதல்ல.

தடிப்போடு வாந்தியோ, இருமலோ, மூச்சிரைப்போ, குரல் மாறுவதோ, துவண்டு விழுவதோ சேர்ந்தால் அது உயிர் விஷயம். அட்ரினலின் ஊசிதான் மருந்து. அலர்ஜி சிரப் அதற்கு ஈடாகாது. வெளிநாட்டில் கிடைக்கும் தயார்நிலை ஊசிப் பேனா இங்கே எளிதில் கிடைப்பதில்லை. அதனால் எந்த அளவு, தொடையின் வெளிப்பக்கம் எங்கே, எப்படிப் போடுவது என்று மருத்துவரிடம் முன்கூட்டியே கற்று, எழுதி வாங்கி, மருந்தைக் கையோடு வைத்திருங்கள். ஊசியைப் போட்டுவிட்டு உடனே 108-ஐயோ 112-ஐயோ அழையுங்கள். குழந்தையைப் படுக்கவைத்துக் காலை உயர்த்துங்கள், மூச்சுத் திணறினால் உட்காரவையுங்கள், எழுப்பி நடக்கவைக்காதீர்கள். தொட்டாலே திமிறும் குழந்தை என்றால் தொடையைப் பிடித்துக்கொள்ளும் விதத்தை விளையாட்டாக முன்பே பழக்கிவிடுங்கள். தெளிந்துவிட்டாலும் சில மணி நேரமாவது மருத்துவமனையில் இருக்க வேண்டும், அறிகுறிகள் திரும்பி வரக்கூடும்.

ஆலோசனைக்கு வரும்போது தொடர்ந்து மூன்று நாள் குழந்தை சாப்பிட்டது, குடித்தது, தள்ளியது எல்லாவற்றையும் எழுதிக்கொண்டு வாருங்கள். மலம் போன நேரமும் தூங்கிய நேரமும் அதில் இருக்கட்டும். பாக்கெட்டுகளின் பின்பக்கத்தைப் படம் எடுத்து வையுங்கள். பழைய எடை, உயரக் குறிப்புகள் தடுப்பூசி அட்டையில் இருக்கும், அதையும் எடுத்து வாருங்கள். தடிப்போ வீக்கமோ வந்தபோது யாராவது போனில் எடுத்த படம் இருந்தால் அதைத்தான் மருத்துவர் முதலில் கேட்பார்.