சட்டையில் எண்ணெய் வாடை

"எல்லாம் நன்மைக்கேன்னு நினைச்சுக்கோ." என்னிடம் ஆலோசனைக்கு வரும் பலர் இந்த வார்த்தையைச் சுமந்துகொண்டுதான் வருகிறார்கள். வேலை போனவரிடம் மாமா சொல்லியிருப்பார், கரு கலைந்த பெண்ணிடம் மாமியார் சொல்லியிருப்பார். சொன்னவர்கள் கெட்டவர்கள் இல்லை. ஆனால் கேட்டவர் அதற்கப்புறம் வாய் திறப்பதில்லை.

ஒருவரைப் பற்றிச் சொல்கிறேன் (ஆள் அடையாளம் தெரியாதபடி விவரங்களை மாற்றியிருக்கிறேன்). வயது ஐம்பதைத் தாண்டியவர். கப்பல் பட்டறையில் இருந்த வேலை ஆட்குறைப்பில் போய்விட்டது. வீட்டில் சொல்லவில்லை. மூன்று மாதம், வேலைக்குப் போகிற மாதிரியே காலையில் கிளம்பி, சிங்கப்பூரின் தோ பாயோ நூலகத்தில் உட்கார்ந்திருந்தார். "பொண்டாட்டிய ஏமாத்துனேன் மேடம். வேற ஒண்ணும் சொல்றதுக்கில்ல" என்றார்.

இதில் என்ன நல்லது என்று நான் கேட்கவில்லை. "மூன்று மாதமும் கரண்டு பில் எப்படிக் கட்டினீர்கள்?" என்று கேட்டேன். ஓவர்டைம் என்று வீட்டில் சொல்லிவிட்டு, ராத்திரி பத்து மணி வரை சைக்கிளில் சாப்பாடு டெலிவரி செய்த கதை அப்போதுதான் வெளியே வந்தது. பொய் சொன்னது உண்மை, அதை நான் மழுப்பவில்லை. வீட்டைத் தாங்கியதும் அதே மூன்று மாதத்தில்தான். அவர் பொய்யை மட்டுமே கணக்கில் எழுதி வைத்திருந்தார். கஷ்டத்தை வேறு கோணத்தில் பார்க்கச் சொல்லும்போது நான் கேட்பது இவ்வளவுதான்: கணக்கில் விடுபட்டதையும் எழுதுங்கள்.

வலியைத் தாண்டிக் குதிக்க முடியாது. 1986இல் பென்னிபேக்கர், பீல் என்ற உளவியல் ஆய்வாளர்கள் வெளியிட்ட ஆய்வில், கல்லூரி மாணவர்கள் நான்கு நாள், தினம் 15 நிமிடம், தங்களை உலுக்கிய சம்பவத்தைப் பற்றி எழுதினார்கள். எழுதிய கையோடு மனம் கனத்துத்தான் போனது. ஆனால் நடந்ததையும் உணர்ந்ததையும் சேர்த்து எழுதியவர்கள், அடுத்த ஆறு மாதத்தில் மருத்துவ நிலையத்துக்குக் குறைவாகவே போனார்கள். நன்றி சொல்லத் தோன்றும் விஷயங்களை எழுதி வைக்கும் நன்றிப் பட்டியலுக்கும் ஆதாரம் உண்டு. எம்மன்ஸ், மெக்கல்லோ என்ற உளவியல் ஆய்வாளர்கள் 2003இல் வெளியிட்ட ஆய்வில் வாரம் ஒரு முறை எழுதியவர்களும் உண்டு, தினமும் எழுதியவர்களும் உண்டு. ஆனால் சிலர் கஷ்டம் வந்த முதல் நாளே அதில் இறங்கிவிடுகிறார்கள். அழுது முடிக்காத வீட்டில் கோலம் போடுகிற மாதிரி இருக்கும் எனக்கு.

வீட்டில் அடி வாங்கிக்கொண்டிருப்பவரிடம், வேறு கோணத்தில் பார்க்கச் சொல்லும் இந்த வேலையே கூடாது. முதலில் அடி நிற்க வேண்டும். உயிரை விட்டுவிடலாம் என்று தோன்றினால், சிங்கப்பூரில் இருப்பவர்கள் யோசிக்காமல் SOS உதவி எண் 1767ஐ அழையுங்கள், 24 மணி நேரமும் ஆள் இருப்பார்கள்.

சரி, அவர் ஒருவழியாக மனைவியிடம் சொன்னார். "மொத வாரமே தெரியும். சட்டையில எண்ணெய் வாடை இல்லையே" என்றாராம் அவர். தெரிந்துகொண்டே மூன்று மாதமும் மதியச் சாப்பாடு கட்டிக்கொடுத்திருக்கிறார்.

அடுத்த முறை வந்தபோது நன்றி என்ற பேச்சையே நான் எடுக்கவில்லை. டப்பாவில் என்றைக்கு என்ன குழம்பு இருந்தது என்று அவர் ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டிருந்தார்.